ஓடுவதும் நாம், கேட்பதும் நாம்!

(லோத்குண்டாவில் கூடிய நம் சங்கக் குடும்பங்களின் முன் நிகழ்த்திய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, உழைக்கும் தோழர்களே, பிள்ளைகளே!

வரும் ஆகஸ்ட் மாதம் ஐதராபாத்தில் நடைபெறும் மராத்தன் ஓட்டத்தில் நம் பிள்ளைகள் கலந்துகொள்வது, அதை முன்னிட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவது என்று நம் சங்கம் முடிவு செய்திருக்கிறது. அதற்கான பயிற்சி அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தொடங்குகிறது. ஓட்டத்துக்கு இன்னும் 24 வாரங்கள் இருக்கின்றன.

முடிவு எடுத்த நாளிலிருந்து நம் வீடுகளில் மூன்று கேள்விகள் எழுந்திருக்கின்றன. மூன்றும் நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் உண்டியலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவது முறையாகாது. ஆகவே இன்று அவற்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதல் கேள்வி தாய்மார்களுடையது. "பக்கத்து வீட்டில் ஒருவர் நோயில் கிடக்கிறார். அவருக்கு மருந்து வாங்கக் காசில்லை. அப்படியிருக்க, எங்கோ நடக்கும் ஆராய்ச்சிக்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?" என்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி அரசியல் தெரிந்த தோழர்களுடையது. "ஆராய்ச்சி செய்வது அரசாங்கத்தின் வேலை, மருந்துக் கம்பெனியின் வேலை. அந்தச் சுமையை அன்றாடங்காய்ச்சியின் தலையில் ஏன் ஏற்றுகிறீர்கள்?" என்கிறார்கள்.

மூன்றாவது கேள்வி கட்டட வேலைக்குப் போகும் தோழர்களுடையது. "பகலெல்லாம் சாரத்தில் ஏறி இறங்குகிறவனைப் பார்த்து, இன்னும் 42 கிலோமீட்டர் ஓடு என்பது அடுக்குமா?" என்கிறார்கள்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

ஒரு காலை இழந்தவன் ஓடிய ஓட்டம்

கனடா நாட்டில் டெர்ரி ஃபாக்ஸ் என்றொரு இளைஞன் இருந்தான். 1958-ல் பிறந்தவன். 1977-ல், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோயால் அவனுடைய வலது கால் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்கப்பட்டது. அப்போது மருத்துவர்கள் அவனிடம் ஒரு கணக்கைச் சொன்னார்கள். "நீ பிழைப்பதற்கு இப்போது நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த நோய் வந்திருந்தால் நூற்றுக்குப் பதினைந்துதான்" என்பதே அந்தக் கணக்கு.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அந்த இரண்டு ஆண்டுகளில் மாறியது என்ன? நோய் மாறவில்லை, நோயாளியின் உடம்பும் மாறவில்லை. மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம் மாறியது. அந்தப் புதிய அறிவைத் தேடிக் கொடுத்தது ஆராய்ச்சி. மருந்துச் செலவுக்கு நாம் கொடுக்கும் பணம் ஒருவருக்கு இன்று உதவும். அதை நாம் என்றும் நிறுத்தக் கூடாது, நிறுத்தவும் போவதில்லை. ஆனால் எந்த மருந்தை, எவ்வளவு, எப்போது கொடுத்தால் பிழைப்பார் என்பதை யாராவது முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தால்தான் அந்த மருந்துச் செலவுக்கே பொருள் உண்டு.

டெர்ரி இதைப் புரிந்துகொண்டான். செயற்கைக் காலோடு பதினான்கு மாதம் பயிற்சி செய்தான். முதல் நாள் ஓடியது அரை மைல் தூரம்தான். பயிற்சிக் காலத்தில் ஓர் ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொண்டு கடைசியாக வந்தான். ஆனால் ஓடி முடித்தான். 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கடற்கரையில் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் வீதம் 143 நாட்கள் ஓடி, 5,373 கிலோமீட்டர் கடந்தான். செப்டம்பர் முதல் நாள், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 ஜூன் 28 அன்று இறந்துபோனான்.

வழியில் போர்ட் ஓ பாஸ்க் என்ற சிறிய துறைமுக ஊர் வந்தது. மொத்தமே ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வாழ்ந்த ஊர். அந்த மக்கள் பத்தாயிரம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். தலைக்கு ஒரு டாலர். 'நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்தால் போதுமே!' என்ற எண்ணம் அங்கேதான் உறுதிப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அன்றைய கனடாவின் மக்கள் தொகைக்கு ஈடான தொகை அது. இன்று உலகின் பல நாடுகளில் அவன் பெயரால் ஓட்டம் நடக்கிறது. நம் சென்னையிலும் 2009 முதல் ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்து வருகிறது. இதுவரை உலகெங்கும் திரண்ட தொகை 85 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இந்தக் கதையில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. தன் ஓட்டத்தை எந்தக் கம்பெனியும் விளம்பரமாக்கி லாபம் பார்ப்பதை அவன் அனுமதிக்கவில்லை. அவன் பெயரால் நடக்கும் ஓட்டத்தில் இன்றும் பரிசு கிடையாது, போட்டி கிடையாது.

கம்பெனி கேட்காத கேள்வி

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது அரசாங்கத்தின் கடமை. அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. நம் உண்டியல் அரசாங்கத்தின் கடமையைத் தள்ளுபடி செய்துவிடாது. மாறாக, "நாங்கள் சில்லறை சேர்த்துக் கொடுத்திருக்கிறோம், நீ என்ன ஒதுக்கினாய்?" என்று கேட்கும் உரிமையை வலுப்படுத்தும்.

ஆனால் "கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்பது மட்டும் சரியில்லை. கம்பெனி எந்தக் கேள்விக்கு விடை தேடும்? எந்த விடையை விற்க முடியுமோ அந்தக் கேள்விக்கு. விற்க முடியாத விடை ஏழையின் உயிரைக் காப்பாற்றும் என்றாலும், அதைத் தேடக் கம்பெனி பணம் போடாது.

இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறோம்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள், தலையிலும் கழுத்திலும் புற்று முற்றிய நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தி, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த ஊசி மருந்து இருக்கிறது. வழக்கமாக ஒரு தடவைக்கு 240 மில்லிகிராம் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலோருக்கு அது எட்டாக்கனி. இவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் சிறிய அளவு சேராதவர்களில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 16 பேர். சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 43 பேர். இது நோயை அடியோடு தீர்த்துவிடவில்லை. ஆனால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த மருந்தில் இத்தனை பேருக்கு ஆயுள் நீண்டிருக்கிறது. "எங்கள் மருந்தைப் பத்தில் ஒரு பங்கு வாங்கினால் போதும்" என்று நிரூபிக்க எந்தக் கம்பெனி பணம் கொடுக்கும்? பொதுப் பணமும் நன்கொடையும்தான் இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்க முடியும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு நம் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. கருப்பை வாய்ப் புற்று இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுகளில் மார்பகப் புற்றுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு தொடங்கித் திண்டுக்கல் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற நர்சுகள், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, காடியில் இருக்கும் அதே அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பை வாயில் தடவிப் பார்த்தார்கள். கோளாறு இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான் சோதனை. ஏறத்தாழ 31 ஆயிரம் பெண்கள் சோதனைக்கு வந்தார்கள். சோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றால் நேர்ந்த இறப்பு, நடக்காத ஊர்களைவிட நூற்றுக்கு 35 குறைந்தது என்று 2007-ல் முடிவு வெளிவந்தது.

தாய்மார்களே, இதை வெறும் புள்ளிவிவரமாக எண்ணிவிடாதீர்கள். நம் ஊர்ப் பெண்கள், விவசாயக் கூலிகள், நூற்பாலைத் தொழிலாளிகள் முன்வந்து நின்றதால் உலகத்துக்குக் கிடைத்த அறிவு இது. ஒரு சொட்டுக் காடியும் ஒரு நர்சின் கண்ணும் உயிரைக் காக்கும் என்று காட்டியவர்கள் அவர்கள்.

உடம்பு நம்முடையது, உரிமை யாருடையது?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் பேசியாக வேண்டும். திண்டுக்கல் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சோதனை இல்லாமல் விடப்பட்ட ஊர்களும் உண்டு. அது சரியா என்று உலகில் பலர் கேள்வி எழுப்பினார்கள். இன்னும் மோசமான ஒன்று இன்றைய தெலங்கானாவின் கம்மம் மாவட்டத்தில் நடந்தது. 2009-ல் கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் ஊசி, ஆயிரக்கணக்கான பள்ளிச் சிறுமிகளுக்கு ஓர் ஆய்வுத் திட்டத்தின் பெயரால் போடப்பட்டது. அவர்களில் பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோரின் ஒப்புதல் வாங்க வேண்டிய இடத்தில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டது பின்னர் வெளிவந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது.

அந்த ஊசி நல்ல ஊசி. சில சிறுமிகளின் இறப்புக்கு ஊசி காரணமல்ல என்று விசாரணையில் சொல்லப்பட்டது. இன்று உலகமெங்கும் அது பெண் குழந்தைகளைக் காக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம். ஆனால் நல்ல ஊசியானாலும், கேட்டுப் போடுவது வேறு, கேளாமல் போடுவது வேறு. ஏழையின் பிள்ளை என்றால் கையெழுத்தைக் காப்பாளர் போட்டுவிடலாம் என்ற எண்ணம்தான் அங்கே குற்றவாளி.

இந்த நகரத்துக்கே இதில் பழைய வரலாறு உண்டு. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான முக்கியச் சான்றை ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது நம் செகந்தராபாத்தில், பேகம்பேட்டையில், 1897 ஆகஸ்ட் 20 அன்று. அதற்காக 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கொசுக்களுக்குத் தன் இரத்தத்தைக் கொடுத்த மலேரியா நோயாளியின் பெயர் ஹுசேன் கான். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி! ராஸின் பெயரால் அங்கே நிறுவனம் இருக்கிறது. ஹுசேன் கானை நினைப்பவர் எத்தனை பேர்?

ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்தவன் என்றும் உழைப்பாளிதான். கேள்வியை முடிவு செய்தவன் மட்டும் வேறொருவன். அந்த நிலை மாற வேண்டும். நாம் திரட்டும் தொகை பெரிய நிறுவனத்தின் செலவில் ஒரு துளி. ஆனாலும் அந்தத் துளியோடு நம் கேள்வியையும் சேர்த்து அனுப்புவோம். "கட்டடத் தொழிலாளிக்கு எட்டும் விலையில் சிகிச்சை எது? நாள் கூலியை விடாமல் பெண்கள் வந்துபோகும் சோதனை எது? வாய்ப்புற்று இந்திய ஆண்களிடம் இத்தனை அதிகமாக இருக்கிறதே, குட்காவையும் ஹான்ஸையும் விடுவதற்கு எது உதவும்?" இவை நம் கேள்விகள். நிதியோடு கடிதமாகவும் போகும்.

தொகையை எங்கே கொடுப்பது? இரண்டு பெயர்கள் சங்கத்தின் முன் இருக்கின்றன. ஒன்று, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது. டாக்டர் சாந்தா 2021-ல் மறையும் வரை தன் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். மற்றொன்று, நம் நகரத்தின் ரெட் ஹில்ஸில் 1955 முதல் இயங்கும் எம்.என்.ஜே. அரசுப் புற்றுநோய் மருத்துவமனை. நம் மக்கள் நோயென்றால் ஓடிப்போய் நிற்கும் வாசல் அதுதான். எதற்கு எவ்வளவு என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யும்.

உழைத்த உடம்பு ஓடலாமா?

மூன்றாவது கேள்வி. 42 கிலோமீட்டர் 195 மீட்டர் என்பது விளையாட்டல்ல. நம் லோத்குண்டாவிலிருந்து ஷாமிர்பேட்டைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அந்தத் தூரம் நிறையாது. ஆகவே எல்லாரும் முழுத் தூரம் ஓட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

போலீஸ் வேலைக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஏற்கெனவே ஓடிப் பழகிய பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களில் 10 கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் ஓடுகிறவர்கள் மட்டும் முழு மராத்தனுக்குத் தயாராகலாம். மற்றவர்களுக்கு 10 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது. அதில் பாதி நடந்தாலும் குற்றமில்லை. ஓட முடியாத பெரியவர்கள் தண்ணீர் கொடுப்பதும், கணக்கு எழுதுவதும், வீடு வீடாகப் போவதும் ஓட்டத்துக்குச் சமமான வேலைதான்.

பயிற்சிக்கான விதிகளைச் சொல்கிறோம், பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும்.

வாரத்துக்கு நான்கு நாள் போதும். மூன்று நாள் குறைந்த தூரம், ஞாயிறு மட்டும் நீண்ட தூரம். சென்ட்ரிங் வேலைக்கோ மூட்டை தூக்கவோ போய் வந்த நாளில் உடம்பு ஏற்கெனவே உழைத்துவிட்டது. அன்று ஓய்வு. ஓய்வும் பயிற்சியில் ஒரு பகுதிதான். தூக்கத்தில்தான் தசை தேறும்.

தூரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். இந்த வாரம் மொத்தம் 20 கிலோமீட்டர் என்றால் அடுத்த வாரம் 22. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைக்க வேண்டும். ஞாயிற்று ஓட்டம் மெதுவாக வளர்ந்து 30 கிலோமீட்டரைத் தாண்டினால் போதும். 42-ஐ அன்றுதான் பார்க்க வேண்டும். கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்து, கால்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் ஓடுகிறவனோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம். பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

ஏப்ரல், மே மாத வெயில் உங்களுக்குத் தெரியும். ஐந்து மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் ஓடக் கூடாது, காலனி உள்தெருக்களில்தான் ஓட வேண்டும். பெண் பிள்ளைகள் கூட்டமாகப் போக வேண்டும், அக்காமார் இருவர் உடன் வருவார்கள். தாகத்துக்குக் குடியுங்கள். உப்புப் போட்ட மோர் நல்லது. தாகமில்லாமல் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. விலையுயர்ந்த பானம் எதுவும் தேவையில்லை. கேழ்வரகுக் கூழ், வேர்க்கடலை, முட்டை, வாழைப்பழம் போதும். காசு செலவழிக்க வேண்டியது ஒன்றில்தான், காலணியில். செருப்போடு நெடுந்தூரம் ஓட வேண்டாம். காலணி வாங்க முடியாத பிள்ளைக்குச் சங்கம் வாங்கித் தரும். ஆராய்ச்சி நிதியிலிருந்து அல்ல, சங்கத்தின் தனிக் கணக்கிலிருந்து.

நாற்பது வயது தாண்டியவர்களும், சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்களும் பஸ்தி தவாகானாவில் பார்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிற்க வேண்டும். அங்கே வீரம் பேசக் கூடாது. பீடி, குட்கா பழக்கம் உள்ள தோழர்கள் பயிற்சியோடு அதை விட்டொழிக்க வேண்டுகிறோம். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஓடிக்கொண்டே புற்றுநோயை வாயில் அடக்கி வைப்பது பொருந்தாது.

ஒரு வீட்டுக்கு 42 ரூபாய்

நிதி திரட்டும் முறை எளிது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். ஒரு வீட்டுக்கு 42 ரூபாய். நூறு வீடு சேர்ந்தால் 4,200. ஆயிரம் வீடு சேர்ந்தால் 42,000. அதற்கு மேல் கொடுப்பவர் கொடுக்கலாம். முடியாதவரிடம் ஒரு ரூபாயானாலும் வாங்கி, அதற்கும் ரசீது எழுத வேண்டும். நோயாளி இருக்கும் வீட்டில் கேட்கக் கூடாது. அந்த வீட்டுக்கு நாம் போவது, மருத்துவமனைக்குத் துணை வேண்டுமா என்று கேட்பதற்காக மட்டுமே. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அல்ல என்பதை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தே நாம் காட்டலாம்.

பயிற்சிச் செலவும் பந்தயக் கட்டணமும் இந்த நிதியைத் தொடாது. எந்தக் கம்பெனியின் பெயரும் நம் சட்டையில் இருக்காது. வரவு ஒவ்வொன்றும் இந்த இதழில் அச்சாகும். தொகை காசோலையாகப் போகும், வந்த ரசீதும் அச்சாகும். தெலுங்கு பேசும் தோழர்களும் உருது பேசும் தோழர்களும் சேர விரும்பினால் இரு கை நீட்டி வரவேற்போம். நம் அட்டை எந்த மாநிலத்தது என்று மருத்துவமனைச் சன்னலில் கேட்கிறார்கள். புற்றுநோய் அப்படிக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

தோழர்களே! பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். இந்த நகரத்தின் சுவர்களில் நம் வியர்வை இருக்கிறது. இதன் அறிவிலும் நமக்குப் பங்கு வேண்டும். இரக்கம் வேண்டி யாரிடமும் நாம் ஓடி நிற்கவில்லை. நம்முடைய கேள்வியை நம்முடைய காசில், நம்முடைய காலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

பெயர் கொடுக்க விரும்பும் பிள்ளைகள் இன்றே கொடுங்கள். தாய்மார்கள் அவர்களை ஞாயிறு காலை நாலரைக்கு எழுப்பி அனுப்புங்கள். பெரியவர்கள் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நிறைய இருக்கிறது.